பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ் 8 வார வகுப்பு: முழுசாக முடித்துவிட்டு எழுதுகிறேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்குகிற பையருக்கும் தைக்கிற ஃப்ளோருக்கும் நடுவில் நிற்கிற வேலை. கலர் அப்ரூவல் வரவில்லை என்றால் டையிங்காரர் என்னைக் கேட்பார். டையிங் தாமதமானால் பையர் என்னைக் கேட்பார். போன ஆடியிலிருந்து ராத்திரி 3 மணிக்கு விழிப்புத் தட்ட ஆரம்பித்தது. விழித்ததும் கை தானாகப் போனைத் தேடும். அமெரிக்காவில் அது சாயங்கால நேரம், மெயில் வந்துகொண்டேதான் இருக்கும். ஒன்றைப் படித்தால் போதும், விடியும்வரை தூக்கம் கிடையாது.

பிபி 150/96 என்று வந்தபோது டாக்டர் மாத்திரை எழுதினார். "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், மனசை இறக்கி வைக்க ஒரு வழி பாருங்கம்மா" என்றார். சரி என்று முதலில் போனில் ஒரு தியான ஆப் போட்டேன். 7 நாள் இலவசம் என்றார்கள். எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா கார்டிலிருந்து போய்விட்டது, திரும்ப வரவே இல்லை. மனசு இறங்கத் தேடிப் போன இடத்தில் இப்படி ஆனதில் ரொம்ப நொந்து போனேன்.

அதற்கப்புறம் கிடைத்ததுதான் பலூஸ் மைண்ட்ஃபுல்னெஸ். இது ஆப் இல்லை, ஒரு இணையதளம். 8 வாரப் பாடம் முழுக்க இலவசம், கார்டு எண் கேட்பதில்லை. டேவ் பாட்டர் என்பவர் அமைத்தது. பாடத்தின் மூலம் 1979-ல் தொடங்குகிறது. ஜான் கபாட்-ஜின் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக ஒரு வகுப்பைத் தொடங்கினார். புத்த மரபிலிருந்து தியானத்தை எடுத்து, எந்த மதத்தவரும் உட்காரக்கூடிய மாதிரி 8 வாரமாக வகுத்தார். எம்பிஎஸ்ஆர் (மைண்ட்ஃபுல்னெஸ் பேஸ்டு ஸ்ட்ரெஸ் ரிடக்‌ஷன், அதாவது இந்த நிமிடத்தைக் கவனித்து மன அழுத்தத்தைக் குறைப்பது) என்று சொல்வது அதைத்தான். பாட்டரும் அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்.

ஒவ்வொரு வாரத்துக்கும் சில வீடியோ, சில கட்டுரை, ஒரு தியான ஆடியோ, எழுதி நிரப்ப ஒரு தாள். வாரத்துக்கு 6 நாள், தினமும் அரை மணிக்குக் குறையாமல் பயிற்சி செய்யணும். பாடங்களைப் படிக்க வாரத்தில் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். தாள்களை ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோத்துக்கொண்டேன். மொத்தச் செலவு அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் ஒரு உலர்திராட்சையைச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று. பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். முதலில் பார்க்கணும். ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு நிறம். மேடான இடம் தேன் நிறம், பள்ளம் கிட்டத்தட்டக் கருப்பு. ஒரு முனையில் காம்பு ஒடிந்த இடம் சின்னப் புள்ளியாக இருந்தது. காதோரம் வைத்து விரலால் உருட்டினால் மெல்ல ஒரு சத்தம் வருகிறது. நாக்கில் வைத்ததும் கடிக்கக்கூடாது, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும். அந்த நேரத்தில்தான் கவனித்தேன், கடிக்கச் சொல்லும் முன்பே என் தாடை இறுகித் தயாராக நின்றது. எனக்கு எதிலும் இருக்கிற அவசரம் அந்தத் தாடையில் இருந்தது. இத்தனை வருடம் மதியச் சாப்பாட்டை மெயில் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்திருக்கிறேன், அதில் எந்தச் சாப்பாடும் எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு திராட்சையை முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

அடுத்தது உடம்பைக் கால்விரலிலிருந்து தலைவரைக்கும் பகுதி பகுதியாகக் கவனிப்பது. பாய் விரித்துப் படுத்துக்கொண்டு குரலைக் கேட்கணும். தளர்த்து, அமைதியாகு என்று வற்புறுத்துவதில்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கவனி, ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதையும் கவனி, அவ்வளவுதான். முதல் நான்கு நாள் முழங்கால் வருவதற்குள் தூங்கிவிட்டேன். அப்புறம் ராத்திரிக்குப் பதில் காலை ஐந்தரைக்கு மாற்றினேன். பால்காரர் வண்டிச் சத்தம், பக்கத்து வீட்டு மோட்டார், நடுவில் ஒரு முறை குக்கர் விசில். சத்தம் வந்தால் வந்தது என்று கவனித்துவிட்டுத் திரும்பக் காலுக்குப் போகணும். இரண்டாம் வாரம் போல்தான் பிடிபட்டது, என் இடது தோள் காது வரைக்கும் தூக்கியபடியே இருக்கிறது, படுத்திருக்கும்போதும்கூட. போனைத் தோளில் இடுக்கிப் பேசிப் பேசி வந்தது.

இரண்டாம், மூன்றாம் வாரத் தாள்கள் எளிது. ஒரு வாரம் தினம் ஒரு நல்ல விஷயம், அடுத்த வாரம் தினம் ஒரு பிடிக்காத விஷயம். அது நடக்கும்போது உடம்பில் என்ன, மனசில் என்ன என்று எழுதணும். நான் மெனக்கெட்டு எழுதினேன். நீங்களும் தாளை விட்டுவிடாதீர்கள், பாதிப் பாடம் அதில்தான் இருக்கிறது.

என்னை உண்மையிலேயே மாற்றியது நான்காம் வாரம். சுருக்கென்று எகிறுவதற்கும் யோசித்துப் பதில் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்பது பாடம். நில், ஒரு மூச்சு விடு, உடம்பிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்று பார், அப்புறம் காரியத்துக்குப் போ. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வாரமே சோதனை வந்தது. 12,000 பீஸ் குழந்தைகள் டீசர்ட், மறுநாள் கண்டெய்னர் ஏறணும். பேக்கிங்கில் எடுத்துப் பார்த்தால் ஹேங் டேக்கில், அதாவது டீசர்ட்டில் தொங்குகிற சீட்டில், விலை தப்பு. முன்பெல்லாம் இப்படி என்றால் அங்கேயே நின்று செக்கிங் பிள்ளைகளைச் சத்தம் போடுவேன். அன்றைக்கும் தொண்டைவரை வந்தது. ஆனால் வந்தது தெரிந்தது. தாடை இறுகியது, காது சூடானது, தோள் ஏறியது, மூன்றும் தெரிந்தன. ஒரு மூச்சு விட்டேன்.

"எத்தனை கார்ட்டன் ஒட்டியாச்சுங்ணா?" என்று பேக்கிங் இன்சார்ஜிடம் கேட்டேன்.

"நாப்பதுதான் அம்மிணி. மிச்சம் எல்லாம் தொறந்துதான் கிடக்குது."

மொத்தம் 300 கார்ட்டனில் 40. கேட்காமல் கத்தியிருந்தால் அது தெரிவதற்கே அரை மணி ஆகியிருக்கும். டேக் பிரிண்ட் போடுகிறவருக்குப் போன் போட்டோம், ராத்திரி 11 மணிக்குப் புது டேக் வந்தது, விடிகாலை நாலரைக்குக் கடைசிக் கார்ட்டன் ஒட்டினோம். செக்கிங்கில் இருக்கிற ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகும்போது, "அக்கா, இன்னிக்கு நீங்க திட்டவே இல்லை" என்றாள். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

ஐந்தாம் வாரம் கடினம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலியையும் வருத்தத்தையும் ஒதுக்காமல் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அப்பாவின் கடைசி நாட்கள் வந்து நின்றன. இரண்டு நாள் நிறுத்திவிட்டு, அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தேன். பெரிய துக்கத்திலோ மன அழுத்தத்துக்கு மருந்திலோ இருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

மருந்துக்குப் பதில் இது போதுமா என்று என் தங்கை கேட்டாள். 2022-ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பதற்ற நோய் இருந்த 276 பேரில் பாதிப் பேருக்கு இந்த 8 வார வகுப்பு, பாதிப் பேருக்கு பதற்றத்துக்குக் கொடுக்கிற எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. வகுப்பின் பலன் மாத்திரையை விடக் குறைந்துபோகவில்லை. ஆனால் அது ஆசிரியரோடு நேரில் உட்கார்ந்து, வாரம் இரண்டரை மணி நேரம் நடந்த வகுப்பு. நாம் வீட்டில் தனியாகக் கேட்பதை அதற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பிபி இப்போது 134/86. மாத்திரையும் போகிறது, தியானமும் போகிறது, எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க வழியில்லை. 3 மணி விழிப்பு மட்டும் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று சுருங்கிவிட்டது. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது.

மிச்ச மூன்று வாரம் பேச்சு, கருணை, சொந்தமாகத் தொடர்வது என்று போகிறது. ஆறாம் வாரத்தில் வரும் மலைத் தியானம் நன்றாக இருந்தது. மலை என்றதும் எனக்கு ஊத்துக்குளி முருகன் கோயில் குன்றுதான் வந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

நான் முழுதும் ஆங்கிலத்தில் கேட்டேன். குரல் நிதானமானது, பிளஸ் டூ ஆங்கிலம் இருந்தால் புரியும். ஆசிரியர் எதிரில் இல்லாததால் விட்டுப்போனால் கேட்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள், ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத இரண்டு மாதமாகப் பாருங்கள், ஆடியோவை டவுன்லோடு செய்துவிட்டுப் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

என் அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. காலையில் நான் பாயில் கிடப்பதைப் பார்த்து, "என்ன கண்ணு பண்ற, எனக்கும் சொல்லேன்" என்றார். இப்போது அந்த ஆடியோவை நானே தமிழில் சொல்கிறேன். பெருவிரல், பாதம், கணுக்கால், கெண்டைக்கால். இரண்டு பாய் பக்கத்தில் பக்கத்தில். இடது முழங்கால் வந்ததும் அத்தை, "இங்கயே கொஞ்சம் நில்லு கண்ணு" என்பார். நிற்போம்.