ஒரே புயலுக்கு ஐந்து பெயர்: எந்த அளவுகோலை வைத்துப் பின்தொடர்வது?

கடலில் ஒரு புயல் சுழல்கிறது, பத்து நிமிடச் சராசரியில் அதன் காற்று மணிக்கு 210 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய வானிலைத் துறை அதை வகை 5 என்று சொல்லும். அதற்கு மேல் அங்கே படியே கிடையாது. ஜப்பானின் கணக்கிலும் அது உச்சப் படிதான். அமெரிக்காவின் சாஃபிர்-சிம்சன் அளவில் அதே புயல் வகை 4. இந்தியக் கணக்கில் அதி தீவிரப் புயல். சூப்பர் புயல் ஆக இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ரெயூனியன் தீவில் இருந்து தென்மேற்கு இந்தியப் பெருங்கடலைக் கவனிக்கும் மையமும் தன் கடைசிப் படிக்கு ஒரு படி கீழேதான் அதை வைக்கும்.

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் செய்தியில் வரும் ‘வகை 4’ யாருடைய 4 என்று தெரியாமல் புயலைப் பின்தொடர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

முதல் சிக்கல், சராசரி எடுக்கும் நேரம். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடக் காற்றைச் சராசரி எடுக்கின்றன, இந்தியா மூன்று நிமிடம், ஆஸ்திரேலியா, ஜப்பான், ரெயூனியன் எல்லாம் பத்து நிமிடம். காற்று ஏறி இறங்கித்தான் வீசும் என்பதால், நேரம் நீள நீளச் சராசரி குறையும். திறந்த கடலில் ஒரு நிமிட வேகத்தை 0.93-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பத்து நிமிட வேகம் கிடைக்கும். உலக வானிலை அமைப்பு 2010-இல் பரிந்துரைத்த விகிதம் இது. அதற்கு முன் 0.88 புழக்கத்தில் இருந்தது.

இரண்டாவது, எங்கே எண்ணத் தொடங்குவது என்பது. எனக்கு இதுதான் பெரிய குழப்பமாகப் படுகிறது. ஆஸ்திரேலிய வகை 1 மணிக்கு 63 கி.மீ.யிலேயே ஆரம்பிக்கிறது. சாஃபிர்-சிம்சன் வகை 1-க்கு 119 கி.மீ. வேண்டும். அதனால் ஆஸ்திரேலிய வகை 3 என்பது அங்கே பெரும்பாலும் 1 அல்லது 2-க்குள் அடங்கிவிடும். ‘தீவிர’ என்ற சொல்லும் இப்படித்தான். இந்தியாவில் 89 கி.மீ.யில் தீவிரப் புயல் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு வகை 3, அதாவது 118 கி.மீ. வர வேண்டும்.

சரி, எது மேல்? கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஆஸ்திரேலிய அளவுகோல்தான் என்பேன். அது சராசரியோடு, இடையிடையே அடிக்கும் உச்ச வீச்சையும் சேர்த்துச் சொல்கிறது: வகை 3-க்கு 165 முதல் 224 கி.மீ., வகை 5-க்கு 280-க்கு மேல். ஓட்டைப் பிய்த்து எறிவது அந்தச் சில விநாடி வீச்சுதான், பத்து நிமிடச் சராசரி அல்ல. 1996-இல் ஒலிவியா புயலின்போது ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 408 கி.மீ. வீச்சு பதிவானது, புயல் காற்றில் இன்றுவரை அதுவே உலகச் சாதனை. இந்திய முறையில் எண்ணுக்குப் பதில் பெயர் இருப்பதால் அயல்நாட்டு எண்ணோடு குழம்ப வாய்ப்பில்லை, அது நல்லது. ஆனால் 2015-இல் இன்னொரு படியையும் சேர்த்த பிறகு தீவிர, மிகத் தீவிர, அதி தீவிர என்று அடுக்கிக்கொண்டே போவதில் எது பெரியது என்பது கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

அளவுகோலை மாற்றிப் போட்டாலும் தீராத வேறுபாடும் உண்டு. 2013-இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலுக்கு அமெரிக்க ராணுவத்தின் புயல் மையம் 315 கி.மீ. என்றது, ஜப்பான் 230 என்றது. 315-ஐ 0.93-ஆல் பெருக்கினாலும் 293 வருகிறது. மீதி 63 கி.மீ. எங்கே போயிற்று? அந்தப் புயலுக்குள் அளவெடுக்க விமானம் எதுவும் பறக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில் கண் எவ்வளவு தெளிவு, சுற்றியுள்ள மேகம் எவ்வளவு குளிர்ச்சி என்று பார்த்து வேகத்தை மதிப்பிடும் டிவோராக் முறைதான் கைவசம் இருந்தது. அதை வேகமாக மாற்றும் அட்டவணை இரண்டு மையங்களுக்கும் வேறு வேறு. அட்லாண்டிக்கில் விமானங்கள் வழக்கமாகப் புயலுக்குள் போகின்றன. மற்றப் பெருங்கடல்களில் பெரும்பாலும் மேகத்தைப் படித்துத்தான் சொல்கிறார்கள். அதனால் இரண்டு மையங்கள் 20 கி.மீ. வேறுபட்டால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. புயல் ஒரே நாளில் 55 கி.மீ. வலுத்தால்தான் கவலைப்படுவேன்.

அப்புறம் தண்ணீர். சாஃபிர்-சிம்சனில் முன்பு, புயல் கரைக்குத் தள்ளிவரும் கடல் ஏற்றமும் சேர்ந்திருந்தது, 2010-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். 2004-இல் சார்லி புயல் வகை 4-ஆக ஃபுளோரிடாவில் கரையேறியபோது கடல் ஏறியது இரண்டு மீட்டர் அளவுக்கு; 2008-இல் ஐக் டெக்சாஸில் வகை 2-ஆகத்தான் கரையேறியது, ஆனால் கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறிப் பொலிவார் தீபகற்பத்தில் வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. சார்லி சிறிய புயல், ஐக் மிகப் பரந்தது. எந்த வகை எண்ணும் இந்தப் பரப்பைச் சொல்லாது.

அதனால் நான் புயலைப் பின்தொடரும்போது வகையை எழுதி வைப்பதில்லை. மையத்தின் பெயர், காற்றின் வேகம், அது எத்தனை நிமிடச் சராசரி, மைய அழுத்தம், பலத்த காற்று எத்தனை கி.மீ. ஆரத்துக்குப் பரவியிருக்கிறது, புயல் நகரும் வேகம்: இந்த ஆறையும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே தாளில் குறிப்பேன். எல்லாவற்றையும் பத்து நிமிடக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு மையங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2023-இல் ஃபிரெடி புயல் இந்தப் பழக்கத்தைச் சோதித்தது. பிப்ரவரி 6-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே பெயர் பெற்றது. 90 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைத் தாண்டியதும் பொறுப்பு ரெயூனியனுக்குப் போனது. பெயர் அப்படியே இருக்க, வகை எண் மறைந்து சொற்படிகள் வந்தன. மடகாஸ்கரைக் கடந்து, மொசாம்பிக்கை இரண்டு முறை தாக்கியது. கடைசியில் மார்ச் நடுவில், கடலே இல்லாத மலாவியில் நாள்கணக்கில் மழையாகக் கொட்டி, வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. அந்த நாட்களில் என் தாளில் காற்றின் வேகம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. நகரும் வேகத்துக்கான கட்டம்தான் விஷயத்தைச் சொன்னது: புயல் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது.