படகு டிரெய்லர்: சில்வர் பெயிண்டை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று விற்கிறார்கள், உஷார்!

கிருஷ்ணகிரி அணை, நாகமரை பக்கம் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசா படிங்க. பழைய பொருள் விற்கிற ஒரு செயலியில் வந்த விளம்பரம். விற்றது டிராக்டர் டிப்பர் கட்டுகிற ஒரு பட்டறை. ரூ.72,000 முழுசா போச்சு. 14 அடிப் படகையும் 15 எச்பி இன்ஜினையும் தாங்க வேண்டிய டிரெய்லர், ஏரியூர் தாண்டியதும் ஹப் (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) எரிந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. அந்தச் சக்கரம் கழன்று எதிரில் வந்த டூவீலர் மேல் பாய்ந்திருந்தால் யார் பதில் சொல்வது?

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்க. “ஃபிரேமை முழுசா வெல்டு அடிச்சு முடிச்சு, அப்புறம் துத்தநாகத் தொட்டியில முக்கி எடுத்தது தம்பி, பத்து வருஷத்துக்குத் துரு வராது” என்றார் பட்டறைக்காரர். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றியும் காட்டினார். சத்தமே இல்லை. பணம் கைமாறியது அந்த இடத்தில்தான்.

இரண்டுமே ஏமாற்று. பாரம் இல்லாதபோது தேய்ந்த பேரிங்கும் சுற்றும். புது கிரீஸை அள்ளி அடைத்தால் கரகரப்பு அமுங்கிவிடும். ஹப்பைக் கழற்றினால் பேரிங் ரோலர்களில் குழி, ஆக்ஸில் முனையில் வரி விழுந்த பள்ளம், ஆயில் சீலின் உதடு கிழிந்திருக்கிறது. ரோட்டில் ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிழிந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துப் போகும். அதற்குப் பிறகு பேரிங் எத்தனை நாள் தாங்கும்? அதோடு ஆட்டோ டயர் அளவுச் சின்ன சக்கரம் வேறு. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று, அதிகச் சூடு.

துத்தநாகக் கதையும் பொய். தொட்டியில் முக்கிய ஃபிரேம் என்றால் மூடிய ஸ்கொயர் பைப்பில் காற்றும் துத்தநாகமும் போய்வர ஓட்டை இருந்தே தீரும். இதில் ஒரு ஓட்டைகூட இல்லை. சாவியால் கீறினால் சில்வர் பெயிண்ட் தோலாக உரிகிறது, அடியில் பழுப்புத் துரு. பைப்பின் உள்பக்கம் அதைவிட மோசம்.

போன் செய்தால் முதலில் “தண்ணியில எறக்குனா அப்படித்தான் ஆகும்.” படகு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காமல் எங்கே இறக்குவது? அப்புறம் “பேரிங்குக்கெல்லாம் கேரண்டி கிடையாது.” அப்புறம் “ஓனர் வெளியூர் போயிருக்காரு.” அடுத்த வாரம் தருவதாகச் சொன்ன பேப்பரைக் கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். கையில் இருப்பது சேசிஸ் நம்பர்கூட இல்லாத வெறும் துண்டு பில். செயலிக்காரர்களோ “நாங்கள் விளம்பரம் மட்டும்தான் வெளியிடுகிறோம்” என்று ஒரு வரி அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். ரூ.72,000க்கு ஒரு வரி பதில்!

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்:

சக்கரத்தைச் சுற்றிக் காட்டினால் நம்பாதீங்க. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க, பிறகு ஹப்பின் மூடித் தொப்பியைக் கழற்றி வெளி பேரிங்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. மறுத்தால் கிளம்பிடுங்க.

படகை ஏற்றிய பிறகு, வண்டியோடு மாட்டுகிற கப்ளிங் முனையின் எடையை எடை மெஷினில் வைத்துப் பாருங்க. மொத்த எடை 500 கிலோ என்றால் 25 முதல் 50 கிலோ வரை அங்கே இறங்கணும். டிப்பர் கட்டும் பழக்கத்தில் ஆக்ஸிலை நடுவில் வைத்துவிடுகிறார்கள். படகுக்கோ இன்ஜின் எடை பின்னால். முனை லேசாகி வால் ஆட ஆரம்பிக்கும். தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஆடினால் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

டயர் பக்கவாட்டில் பாரக் குறியீடு 74 என்று இருந்தால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். டிரெய்லரின் சொந்த எடை, பெட்ரோல், வலை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்க.

டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். புதுசு என்றால் ஃபார்ம் 21 (விற்பனைச் சான்று), 22 (சாலைத் தகுதிச் சான்று). பழசு என்றால் ஆர்சியோடு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30. பேப்பர் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீங்க. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.