முதல் குரூப் ரைடு: மாமல்லபுரமா, ஏலகிரியா?

சென்னையில் புதிதாக பைக் எடுத்தவருக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். நான் மாமல்லபுரத்தைத்தான் சொல்வேன்.

ஈசிஆரில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். விடிகாலையில் கிளம்பினால் டிபனுக்குப் போய்விடலாம். பெரும்பாலும் நேர்சாலை என்பதால் குழுவோடு ஓட்டும் முறை நன்றாகப் பிடிபடும். முன்வண்டி லேனின் வலப்பக்கம் போனால் நீங்கள் இடப்பக்கம். உங்களுக்கு நேர் முன்னால் போகிறவர் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணுங்கள். நீங்கள் அதைத் தொட 2 விநாடியாவது ஆக வேண்டும். ஆனால் இந்தச் சாலை வேகத்துக்கு ஆசை காட்டும், கவனம்.

ஏலகிரி போக மட்டுமே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கை மரத்துப்போன பிறகுதான் 14 கொண்டை ஊசி வளைவுகளும் வரும். அங்கே ஒற்றை வரிசைதான். முன்னால் போனவர் வளைவில் மறைந்ததும், பின்தங்கிவிடுவோமோ என்று புதியவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடுவார். பயமே அதுதான். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். அழகான மலைதான், ஆனால் அடுத்த முறை போகலாம்.

எங்கே போனாலும் சரி, கடைசி வண்டியாக அனுபவமுள்ள ஒருவர் வருகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் குழுவோடு போகாதீர்கள்.