வாய் வெண்படலம்: டிஎன்ஏவை லேசரில் அளப்பதா, படத்தில் அளப்பதா?

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமார் பலருக்கு வெற்றிலை வாயை விட்டுப் போவதே இல்லை. புகையிலை சேர்க்கவில்லையே என்று ஆறுதல் பட முடியாது, பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் படர்ந்துவிட்டால், அது புற்றாக மாறுமா, அப்படியே கிடக்குமா? இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாயில் வருவதுதான் என்பதால், கொழும்பில் இது பெரிய கேள்வி.

பரிசோதனைக்காக வெட்டியெடுத்த சிறு துண்டை, அதாவது பயோப்சித் திசுவை, நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் பிரிப்பது வழக்கம். ஒரே திசுத் துண்டை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகத் தரம் பிரிப்பதும் உண்டு. அதனால்தான் துணைக்கு, கலக்கருவில் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். 46 குரோமோசோம்களுக்குரிய அளவிலிருந்து விலகியிருந்தால் அது அனூப்ளாய்டி.

ஃபுளோ சைட்டோமெட்ரியில், கலங்களைப் பிரித்துச் சாயமேற்றி லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். சில நிமிடங்களில் பல்லாயிரம் கலங்களை அளந்துவிடலாம். எத்தனை வீதம் கலங்கள் பெருகத் தயாராகின்றன என்பதும் தெரியும். பிள்ளைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றில் இது நன்றாகவே உதவும். அங்கே டிஎன்ஏ குறியீடு, அதாவது இயல்பான கலத்தின் டிஎன்ஏவோடு ஒப்பிட்ட விகிதம், 1.16 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. கூடுதல் டிஎன்ஏ என்றாலே கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாய்த் திசுவுக்கு என் தெரிவு பட சைட்டோமெட்ரி. 1924இல் வந்த ஃபோல்ஜன் சாயம் டிஎன்ஏவின் அளவுக்கேற்பச் செவ்வூதாவாக ஏறும். அந்த அடர்த்தியைக் கமரா அளக்கும். சில நூறு கருக்கள்தான் கிடைக்கும், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் எந்தக் கலத்தை அளக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். சின்னப் பயோப்சித் துண்டில் அழற்சிக் கலங்கள் நிறையக் கலந்திருக்கும். ஃபுளோவில் அவை எல்லாம் ஒன்றாக ஓடும்போது, ஓரிரு அனூப்ளாய்டிக் கலங்கள் கணக்கிலேயே தெரியாமல் போகலாம். படத்திலோ அந்த அழற்சிக் கலங்களையே இயல்பான அளவுக்கு ஒப்பீடாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறைக்கு ஒரு கறையும் உண்டு. வெண்படலத்தில் டிஎன்ஏ அளவே எதிர்காலத்தைச் சொல்லிவிடும் என்று 2001இல் வந்த நோர்வே ஆய்வு, 2006இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளும் அனூப்ளாய்டி இருந்தால் ஆபத்து கூடுதல் என்றே காட்டின, ஆனால் முன்பு சொன்ன அளவுக்கு உறுதியாக அல்ல.

ஆகவே அனூப்ளாய்டி என்று வந்தால், படலத்தை அகற்றுவது பற்றி வைத்தியரோடு உடனே கதைக்க வேண்டும். அளவு இயல்பு என்று வந்தாலும், நாக்கின் ஓரத்தில் இருக்கும் படலத்தையோ, சிவப்பு கலந்த படலத்தையோ தவணை தவறாமல் காட்டத்தான் வேண்டும்.