திறந்தது ஒன்று, ஓடியது பதினொன்று

சிவகாசியில் காலண்டர், லேபிள் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன் நான். இருப்பது ஒரே சிஸ்டம், 8 ஜிபி ரேம், அதுவும் பழசு. பிரஸ்காரர்கள் புது வெர்ஷன் ஃபைலாகவே அனுப்ப ஆரம்பித்ததால், கையில் இருந்த பழைய சிடி வெர்ஷனை ஓரங்கட்டிவிட்டுப் போன ஜூனில் மாதச் சந்தா மென்பொருளுக்கு மாறினேன். மாதம் 1,700 ரூபாய். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், மாட்டியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியானதுமே வேலை சூடுபிடிக்கும். ஐப்பசியில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம், அச்சுத் தகடு (பிளேட்) போட ஃபைல் கேட்டு பிரஸ் அண்ணாச்சி மூன்றாவது தடவையாக போன் பண்ணுகிறார். "தம்பி, மெஷின்மேன் சும்மா உக்காந்திருக்கான்." இங்கே மவுஸ் அம்பு ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். நான் திறந்திருந்தது ஒரே மென்பொருள். அந்த நிறுவனத்தின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தவை 11.

அப்டேட் தேட ஒன்று, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, விளம்பரம் காட்ட ஒன்று, நான் எதை அமுக்குகிறேன் என்று கணக்கெடுக்க ஒன்று. இதையெல்லாம்கூடச் சகித்திருப்பேன். இன்னொன்று என் வேலை ஃபோல்டரையே கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவை இன்னும் வெளியே வராத வாடிக்கையாளர் டிசைன்கள். பக்கத்துக் கடைக்காரர் கண்ணில் படாமல் நாங்கள் பொத்திப் பொத்தி வைக்கிற சரக்கு! போடும்போது ஏதோ ஒரு 'சம்மதம்' பட்டனை நானே அமுக்கியிருப்பேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வாசித்து அமுக்கிய மனிதர் யாராவது உண்டா?

சிஸ்டம் போட்டதும் தானாகக் கிளம்புகிறவற்றின் ஸ்டார்ட்அப் பட்டியலில் எல்லாவற்றையும் அணைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் அத்தனையும் திரும்ப நிற்கின்றன. முன்வாசலைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வருகிற கதை. இவை பின்னணியில் ஓடுகிறவற்றின் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலிலும், நேரம் குறித்து வேலையைக் கிளப்பும் டாஸ்க் ஷெட்யூலரிலும் தனித்தனியாகப் பதிந்துகொள்கின்றன. மூன்று இடத்திலும் நிறுத்தினால்தான் அடங்கும். அடுத்த அப்டேட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

அந்த அப்டேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி தானாக இறங்கியது. காலையில் பார்த்தால் பழைய தமிழ் ஃபாண்ட்டுகள் பாதி பட்டியலிலேயே இல்லை. இருபது வருஷம் பழகிய எழுத்துகள், கட்டம் கட்டமாக நிற்கின்றன. ராகுகாலம், எமகண்டம் என்று தாளுக்குத் தாள் மாறுகிற தினசரிக் காலண்டரில் எழுத்து உடைந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள். 40 பக்கம் திரும்ப டைப் செய்தேன். இதற்கு நடுவே, ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் வலது ஓரத்தில் ஒரு ஏஐ பெட்டி வந்து 'நான் உதவட்டுமா' என்கிறது. மூடலாம், நிரந்தரமாக அணைக்கும் இடம் எனக்குத் தட்டுப்படவே இல்லை.

போதும் என்று நவம்பர் முதல் வாரம் கான்சல் அமுக்கினேன். அப்போதுதான் தெரிந்தது, நான் எடுத்தது மாதச் சந்தாவே இல்லை. வருஷ ஒப்பந்தம், பணம் மட்டும் மாதாமாதம். மிச்சம் 7 மாதம், அதில் பாதி, 5,950 ரூபாய் தண்டம். பெரிய எழுத்தில் 'மாதம் 1,700', அதற்குக் கீழே கடுகளவு எழுத்தில் 'ஆண்டு'. அன்இன்ஸ்டால் செய்த பிறகும் இரண்டு ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றை எடுக்க அவர்களே தனியாக ஒரு துப்புரவுக் கருவி கொடுக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

பெரிய கம்பெனி இப்படியெல்லாம் செய்யாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். என் கதை அவர்களோடு அல்ல. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. கோபைலட் என்ற தங்கள் ஏஐ-யைச் சேர்த்து, மைக்ரோசாஃப்ட் 365-இன் தனிநபர் வருஷச் சந்தாவை 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆக்கினார்கள், கோபைலட் இல்லாத பழைய திட்டம் இருப்பதைச் சொல்லாமல் மறைத்தார்கள், கான்சல் செய்யப் போனால்தான் அது கண்ணில் பட்டது என்பது குற்றச்சாட்டு. அதனால் விலை ஏறினால் ஒருமுறை கான்சல் வரை போய்ப் பாருங்கள். கடைசி உறுதிப் பட்டனுக்கு முன் நின்றுகொண்டால் நஷ்டமில்லை.

பணம் பிடிப்பதைப் பற்றி: கார்டில் தானாகப் பிடிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னாலேயே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். இது 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. தானாகப் பிடிக்க நாம் கொடுத்த அனுமதியை, அதாவது மேண்டேட்டை, வங்கி வழியாகவே ரத்து செய்யலாம். யுபிஐ ஆட்டோபே என்றால் ஆப்பிலேயே முடியும். ஆனால் அது பணத்தைத்தான் நிறுத்தும், ஒப்பந்தத்தை அல்ல. முதலில் கான்சல் செய்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிறகு மேண்டேட்டைத் தொடுங்கள்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்தது. சந்தாப் பொறி, கட்டாயச் செயல், நச்சரிப்பு மூன்றும் அதில் உண்டு. 'தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று அந்த நிறுவனத்தின் சாட்டில் எனக்குப் பதில் வந்தது. சுயதொழிலில் பிழைப்பதற்கு மட்டும் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன்.

இப்போது பழைய சிடி வெர்ஷன்தான் ஓடுகிறது, நெட் ஒயரைக் கழற்றிவிட்டு. பிரஸ்ஸுக்குப் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, அந்த 5,950-க்குப் பதில் வரவில்லை. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.