மாடல் ராக்கெட்டுக்கு எந்தப் பசை? டைட்பாண்ட் முதல் ஜேபி வெல்ட் வரை

அமெரிக்காவின் எஸ்டஸ் கம்பெனி விற்கும் ஆல்ஃபா மாடல் போல அட்டைக் குழாயும் லேசான பால்சா மரச் சிறகும் கொண்ட ராக்கெட்டுக்கு ஒரே ஒரு பசைதான் வாங்குவீர்கள் என்றால், டைட்பாண்ட் II வாங்குங்கள். தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் போடும் அதே மஞ்சள் பசைதான். இரண்டாவது பாட்டிலுக்கும் காசு இருந்தால் சாதா வெள்ளைப் பசை. இரண்டு திரவங்களைக் கலந்து போடும் எபாக்ஸியை மூன்றாவதாகக்கூட வாங்க வேண்டாம்.

"இருப்பதிலேயே பலமான பசை எது?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள்தான் எபாக்ஸியோடு திரும்புகிறார்கள். அட்டைக் குழாயில் மஞ்சள் பசையால் ஒழுங்காக ஒட்டிய சிறகை, நன்றாகக் காய்ந்த பிறகு பிடுங்கிப் பாருங்கள். பசை விடாது. குழாயின் மேல்தாள் உரிந்து வரும், இல்லாவிட்டால் சிறகு நார்வாக்கில் பிளக்கும். அட்டையே கிழிகிற இடத்தில் அதற்கு மேல் பலம் இருந்து பயனில்லை. பார்க்க வேண்டியவை வேறு: எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, காயும்போது எவ்வளவு சுருங்குகிறது, எடை எவ்வளவு, சூட்டில் இளகுமா.

மஞ்சள் பசையின் ஒரே பெரிய தொல்லை மோட்டார் மவுண்டில் தெரியும். 18 மி.மீ. மோட்டார் உட்காரும் சிறு குழாயில் இரண்டு வளையங்களை ஒட்டி, அதைப் பெரிய குழாய்க்குள் தள்ள வேண்டும். வளையம் இறுக்கமாக இருந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். பசையின் ஈரத்தை இரண்டு பக்க அட்டையும் உறிஞ்சுகின்றன. அட்டை உப்புகிறது, பசை கெட்டியாகிறது, சில நொடிகளில் பிடி விழுந்துவிடுகிறது. அதற்கு மேல் அழுத்தினால் கசங்குவது குழாய்தான்.

இதைத் தவிர்க்க, முதலில் பசையில்லாமல் தள்ளிப் பாருங்கள். தானாக வழுக்கி இறங்கும் வரை வளையத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். முன் வளையம் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டுமோ அதை ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, அந்தக் குச்சியாலேயே குழாயின் உட்சுவரில் அந்த இடத்தில் மட்டும் பசையை வட்டமாகத் தடவுங்கள். வளையத்தின் மேல் தடவினால் வழியெல்லாம் பசை இழுபடும். பின் வளையம் உள்ளே நுழையப்போகும் தறுவாயில் குழாயின் வாயோரம் இன்னொரு வட்டம். பிறகு நிறுத்தாமல், லேசாகத் திருகியபடி, ஒரே தள்ளு. இந்த ஒரு மூட்டுக்கு மட்டும் வெள்ளைப் பசையோ டைட்பாண்ட் III-ஓ நல்லது. II போட்டபின் இணைக்க சுமார் 5 நிமிடம்தான் இருக்கும்; III-இல் சுமார் 10 நிமிடம். வெள்ளைப் பசை என்றால் அமெரிக்காவில் எல்மர்ஸ் க்ளூ-ஆல். நம்மூர் ஃபெவிகால் எஸ்எச்சும் பாலிவினைல் அசிடேட் வகைதான்.

பசையை அள்ளிப் போடுவதும் ஆகாது. காயும்போது சுருங்கி மெல்லிய குழாயை உள்ளே இழுத்துவிடும். மறுநாள் பார்த்தால் வளையம் இருக்கும் இடத்தில் குழாய்க்கு இடுப்பு விழுந்திருக்கும். பெயின்ட் அடித்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

சிறகு ஒட்டும் இடத்தில்தான் மஞ்சள் பசை தன் விலைக்கு மேல் வேலை செய்கிறது. எஸ்டஸ் குழாயின் மேல் வழுவழுப்பான தாள் உண்டு. சிறகு உட்காரும் கோட்டில் மட்டும் 320 உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சிறகின் அடி விளிம்பில் மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, குழாயில் கோட்டின்மேல் அழுத்தி, உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் பசை படிந்திருக்கும். சில நிமிடம் விட்டு, தொட்டால் ஒட்டும் பதம் வந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு போட்டு வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கையை எடுக்கலாம்; சிறகு சாயாது. பாதி காய்ந்த முதல் பூச்சு இரண்டாவதன் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்வதால் பிடி அத்தனை வேகமாக விழுகிறது. முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். அதற்குள் பறக்கவிட வேண்டாம்.

சிறகும் குழாயும் சேரும் மூலையில் போடும் வளைவுப் பூச்சுக்கு டைட்பாண்ட் II சுமார்தான். வழிகிறது, குமிழ் விடுகிறது, காய்ந்ததும் நடுவில் குழிகிறது. அதே கம்பெனியின் குவிக் அண்ட் திக் இந்த வேலைக்கு அருமை. கெட்டியானது, ஓடாது, அதிகம் சுருங்காது. குழாயைப் படுக்கவைத்து, இரண்டு சிறகுகளுக்கு இடையிலுள்ள மூலைகளில் கோடாக விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பு. போதும்.

சயனோஅக்ரிலேட், அதாவது நாம் ஃபெவிக்விக் என்று சொல்லும் வகை, சிறகை ஒட்டுவதற்கு உகந்ததல்ல. நொடியில் பிடிக்கும், ஆனால் காய்ந்தால் நொறுங்கும் தன்மை. பாராசூட்டில் தரை தட்டும்போது பக்கவாட்டில் விழும் அடியில் சிறகு சட்டென்று கழன்றுவிடும். இதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. நீர்போன்ற மெல்லிய வகையைக் குழாயின் வாயோரம் ஊறவிட்டால் அட்டை கெட்டியாகி, மூக்குக் கூம்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினாலும் பிசிறு விடாது. சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். கை சுடும் அளவுக்குச் சூடேறிப் புகையும்.

எபாக்ஸி எடைக்காரன். அந்த எடை முழுவதும் வாலில் போய்ச் சேர்கிறது என்பதுதான் சிக்கல். ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்ட அளவாவது முன்னால் இருக்க வேண்டும்; ஆல்ஃபாவில் அது சுமார் 25 மி.மீ. வாலில் பத்து கிராம் ஏற்றினால் மூக்கில் களிமண் அடைக்க வேண்டி வரும். கண்ணாடி இழைக் குழாய், பெரிய மோட்டார் என்று போகிறவர்களுக்கு மட்டும் எபாக்ஸி அவசியம். அப்போதும் 5 நிமிட வகையைவிட 30 நிமிட வகையை எடுங்கள். சரிபாதி கலக்கச் சொல்லியிருந்தால் கண்ணளவில் விடாமல் சரியாக அளந்து கலக்குங்கள். கலவை பிசகினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. ஆழக் கிண்ணத்தில் கலக்கினால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகிவிடும். அட்டையில் பரப்பிக் கலக்குங்கள். கையுறை கட்டாயம். மோட்டாரைப் பிடிக்கும் அலுமினிய வளையத்துக்கு உலோகத்தூள் கலந்த எபாக்ஸியான ஜேபி வெல்ட் சரி: சுமார் 285 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாதா 5 நிமிட எபாக்ஸி அந்தச் சூட்டில் இளகிவிடும். ஹாட் க்ளூ பற்றிப் பேசவே வேண்டாம்.

பிளாஸ்டிக்கில் பாலிஸ்டைரீன் பாகங்களுக்கு மாடல் கடையின் பிளாஸ்டிக் சிமென்ட். அது இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கும். மெழுகுபோல் வழுக்கும் பாலிஎத்திலீன் மூக்குக் கூம்பில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. பாராசூட் கயிற்றை அதன் கண்ணியில் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள்.

வாங்கும்போது 4 அவுன்ஸ் பாட்டில் போதும். குளிர்கால கராஜில் டைட்பாண்ட் II-ஐ 13 டிகிரிக்குக் கீழே பயன்படுத்தினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் காயும். அந்த மூட்டில் பலம் இருக்காது. பழைய பாட்டிலிலிருந்து பசை நூல் நூலாக இழுபட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.