ஃபின், பலகை தேய்க்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

போர்ட்டிக்சனில் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் கடலில் ஓடுவது) ஓட்டுகிற நம் பிள்ளைகள், ஃபின்னையோ (பலகையின் அடியில் வால் பக்கம் மாட்டும் மீன்செதிள் போன்ற துடுப்பு) பலகையையோ யாரிடமாவது தேய்க்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் சிலியாவ்காரன். சுற்றிலும் தோட்டம், விண்ட்சர்ஃபிங் சாமானுக்கு இங்கே கடை கிடையாது. மூன்று வருடம் காசு சேர்த்து ஒரு பழைய ஸ்லாலம் பலகையும் (வேகப் பந்தயத்துக்கானது) 38 சென்டிமீட்டர் ஜி-10 ஃபின்னும் வாங்கினேன். தெலுக் கெமாங் கரையில் கல்லில் உரசி ஃபின்னின் முன்விளிம்பு சொரசொரத்துப் போனது. பக்கத்தில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்று. “ரேசிங் ஃபினிஷ் போட்டுத் தர்றேன் தம்பி, தண்ணி ஒட்டவே ஒட்டாது” என்றார் முதலாளி. பலகையையும் சேர்த்துக் கொடுத்து, 240 வெள்ளி பேசி 180 முன்பணம் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் போனால் இரண்டும் கண்ணாடிபோல் மின்னின. தண்ணீர் ஊற்றிக் காட்டினார். மெழுகின்மேல் முத்து முத்தாக உருண்டது. மயங்கிவிட்டேன். தண்ணீர் உருள்வதற்கும் பலகை ஓடுவதற்கும் சம்பந்தமில்லை. பந்தயம் ஓடுகிறவர்கள் பலர் 400, 600 எண் சேண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்து, மங்கலாகவே விட்டுவிடுவார்கள்.

ஞாயிறு பசியாறிவிட்டு இறங்கினேன். வேகம் பிடித்ததும் காலடியில் ‘ஙொய்ங்’ என்று ஓயாத சத்தம். போகும்போது சமாளித்தேன். திரும்பி வரும்போது பின்காலை அழுத்தினாலே ஃபின் பிடி விட்டு, பலகையின் வால் பக்கவாட்டில் வழுக்கியது. இதைத்தான் ஸ்பின் அவுட் என்பார்கள். ஆறு முறை ஆனது.

வீட்டில் விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணியை அடுக்கி எபோக்சியில் இறுக்கிய பொருள். அதை வளைவாகத் தேய்த்தெடுக்கும்போது மரத்தில் வளையம் தெரிவதுபோல் அடுக்குக் கோடுகள் தெரியும். இரு பக்கக் கோடுகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். என்னுடையதில் இடப்பக்கக் கோடுகள் ஒரு விரல் அளவு பின்னுக்குத் தள்ளிப்போயிருந்தன. மெஷினை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்திருக்கிறார். மெல்லிசாக இருக்க வேண்டிய பின்விளிம்பும் மழுங்கி உருண்டுவிட்டது. சத்தம் அங்கிருந்துதான்.

பலகை இதைவிட மோசம். வால் பக்கத்து அடிவிளிம்பு கூராக இருந்தால்தான் தண்ணீர் அறுந்து விலகும். அதை வழவழவென்று உருட்டிவிட்டார். ஓர் இடத்தில் ஐம்பது காசு அளவுக்கு மேல்தோலே தேய்ந்து, கறுப்பு இழை தெரிய, அதன்மேல் சாயம் பூசியிருந்தார். கட்டைவிரலை வைத்தேன், அமுங்கியது. ஓரத்தில் உப்புத்தண்ணீர் கசிந்தது. என் நெஞ்சே கசிந்ததுபோல் இருந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். “காத்து சரியில்ல தம்பி, உனக்கு இன்னும் பழக்கம் பத்தல.”

“அண்ணே, ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க.”

கையில்கூட வாங்கவில்லை. பலகை ஓட்டையைக் கார் புட்டி வைத்து அடைத்துத் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, மறுத்துவிட்டேன். அந்தப் புட்டி பாலியெஸ்டர். அதிலிருக்கும் ஸ்டைரீன் உள்ளே இருக்கும் வெள்ளை நுரையையே கரைத்துவிடும். இந்த மாதிரிப் பலகைக்கு எபோக்சிதான் போட வேண்டும், அதுவும் உள்ளே முழுக்கக் காய்ந்த பிறகு.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் அந்தக் கோடுகளை இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எதைக் கொண்டு தேய்ப்பீர்கள் என்று கேளுங்கள். கட்டையில் சுற்றிய சேண்ட் பேப்பர், தண்ணீர், கை என்றால் மேற்கொண்டு பேசலாம். மெஷின் என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்களே தேய்ப்பதானால் நனைத்தே தேயுங்கள், முகக்கவசமும் போடுங்கள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பலகை இப்போது வீட்டு முன்னால் அஞ்சடியில் சாய்ந்து காய்கிறது. ஃபின்னின் வலப்பக்கத்தைத் தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இடப்பக்கத்துக்குச் சமமாக்கிக்கொண்டிருக்கிறேன். மீதி 60 வெள்ளியைக் கேட்டுப் பட்டறையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.